மின்மடலுக்கு இடம் பார்க்கும்போது

ஒரு காலத்தில் தமிழ் வலைப்பூக்களின் ஓரத்தில் 'பதிவுகளை மின்னஞ்சலில் பெற' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பெரும்பாலும் அதன் பின்னால் இருந்தது கூகிளின் ஃபீட்பர்னர். 2021 ஜூலையில் அந்த மின்னஞ்சல் வசதியை கூகிள் நிறுத்தியது. அறிவிப்பைக் கவனிக்காதவர்களின் தளத்தில் பெட்டி நின்றது, மடல் மட்டும் போகவில்லை. ட்விட்டர் ஆசையாக வாங்கிய ரிவ்யூ என்ற மின்மடல் சேவை 2023 ஜனவரி 18 அன்று மூடப்பட்டது. எழுத்தாளர்கள் விரும்பிப் பயன்படுத்திய டைனிலெட்டரை அதன் உரிமையாளரான மெயில்சிம்ப் 2024 பிப்ரவரி 29 அன்று மூடியது.

எந்தச் சேவையும் ஒருநாள் மூடும், விலை ஏற்றும் அல்லது கை மாறும் என்று எண்ணியே இடம் பார்க்க வேண்டும். மூட்டை கட்டும் நாளில் இரண்டு பொருள் உங்கள் கையில் இருந்தால் போதும். ஒன்று வாசகர் முகவரிப் பட்டியல், மற்றது அனுப்புநர் முகவரியில் நிற்கும் உங்கள் சொந்த டொமைன். கணக்குப் போட வசதியாக, வாரம் ஒரு மடல் அனுப்பும் ஓர் இலக்கியத் தளம், 3000 வாசகர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் டொமைன்

சேவையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். பலர் ஏதோ ஒரு சேவையில் கணக்குத் திறந்து, அனுப்புநர் இடத்தில் தங்கள் ஜிமெயில் அல்லது யாகூ முகவரியைப் போட்டுவிடுகிறார்கள். யாகூ 2014லேயே இந்த வழியை அடைத்துவிட்டது. யாகூ சர்வரிலிருந்து வராத யாகூ முகவரி மடலை மற்றவர்கள் நிராகரிக்கலாம் என்று அறிவித்தது. ஜிமெயிலும் அதே பாதைக்கு வந்துவிட்டது. அப்படி அனுப்பினால் மடல் ஸ்பேமில்தான் விழும்.

2024 பிப்ரவரி முதல் கூகிளும் யாகூவும் சேர்ந்து விதிகளை இறுக்கின. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5000 மடலுக்கு மேல் அனுப்புபவர் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று பதிவுகளையும் டொமைனின் டிஎன்எஸ்ஸில் வைத்திருக்க வேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1க்குக் கீழே இருப்பது நல்லது. நமக்கு 3000 பேர்தானே என்று விட முடியாது. முதல் இரண்டில் ஒன்றாவது எல்லா அனுப்புநருக்கும் கட்டாயம். மூன்றையும் வைத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

இந்தப் பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எந்தெந்த சர்வர் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப். மடல் வழியில் திருத்தப்படவில்லை என்று கையெழுத்திட்டுச் சொல்வது டிகேஐஎம். இவை பொருந்தாத மடலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவரிடம் சொல்வது டிமார்க். எந்த உருப்படியான சேவையும் உங்கள் டிஎன்எஸ்ஸில் ஒட்ட வேண்டிய வரிகளைத் தானே தந்துவிடும். மடலுக்கென்று ஒரு துணை டொமைன் வைத்துக்கொண்டால், மடலால் கெட்ட பெயர் வந்தாலும் அன்றாடக் கடிதப் போக்குவரத்துக்கு அவ்வளவாகச் சேதம் வராது.

யார் அனுப்புவது

சொந்த மின்னஞ்சல் சர்வர் வைத்து அனுப்பலாமா? வேண்டாம். புது ஐபி முகவரியை யாரும் நம்ப மாட்டார்கள். பல கிளவுட் நிறுவனங்கள் அஞ்சல் போகும் 25ஆம் போர்ட்டையே அடைத்து வைத்திருக்கின்றன. ஜிமெயிலிலிருந்து பிசிசியில் போட்டு அனுப்புவது உறவுக்காரர் வட்டத்துக்குச் சரி, இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பெறுநர்தான் எல்லை. வேர்ட்பிரஸ்ஸில் ஒரு செருகுநிரலைப் போட்டு, தளம் இருக்கும் ஷேர்டு ஹோஸ்டிங் வழியாகவே அனுப்புவதும் பரவலான பழக்கம். அங்கே மணிக்கு இவ்வளவு மடல்தான் என்று வரம்பு இருக்கும். அதே ஐபியில் குடியிருக்கும் முன்பின் தெரியாத ஒருவர் ஸ்பேம் அனுப்பினால் பழி உங்கள் மடலுக்கும் சேரும். செருகுநிரல் இருக்கட்டும், அனுப்பும் வேலையை மட்டும் தனிச் சேவையிடம் கொடுங்கள்.

தொழில்நுட்பத்தில் கை வைக்க விரும்பாதவருக்கு மெயில்சிம்ப், பட்டன்டவுன், கிட் போன்ற ஆயத்தச் சேவைகள் உண்டு. மாதக் கட்டணம் கட்டினால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். விலைப் பட்டியலில் எதையெல்லாம் ஒரு தலையாக எண்ணுகிறார்கள் என்பதை மட்டும் கூர்ந்து பாருங்கள். மெயில்சிம்ப் கணக்கில் விலகிப் போனவரும் ஒரு தலைதான், நீங்களாக அவரை ஆவணப் பகுதிக்கு நகர்த்தும்வரை அவருக்கும் சேர்த்துப் பணம் போகும்.

சப்ஸ்டாக்கைப் பற்றி எல்லோரும் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். தொடங்கக் காசு வேண்டாம். கட்டணச் சந்தா வைத்தால் வருமானத்தில் 10 சதவீதம் அவர்களுக்கு, அதற்கு மேல் அட்டைப் பரிவர்த்தனைக் கட்டணம். பட்டியலை எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், அது நேர்மையான ஏற்பாடு. ஆனால் 50 டாலர் கட்டி உங்கள் டொமைனைத் தளத்துக்கு இணைத்தாலும், மடல் போவது சப்ஸ்டாக் முகவரியிலிருந்துதான். வருஷக்கணக்கில் நீங்கள் சேர்க்கும் நற்பெயர் அவர்கள் டொமைனில் சேரும். இன்னொரு தடை பணத்தில் இருக்கிறது. சந்தாப் பணம் ஸ்ட்ரைப் வழியாக மட்டுமே வரும். இலங்கையில் ஸ்ட்ரைப் கணக்கு திறக்க முடியாது, இந்தியாவில் புதிதாகக் கேட்பவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு கட்டண மடல் நடத்தத் திட்டமிடுபவர், முதல் இதழ் எழுதும் முன் இதைச் சரிபார்ப்பது நல்லது. இலவச மடலுக்கு, புது வாசகர்கள் தானாக வந்து சேர, சப்ஸ்டாக் இன்னும் நல்ல இடம்தான்.

கோஸ்ட் என்பது தளமும் மடலும் ஒன்றாக வரும் திறமூல மென்பொருள். சொந்த சர்வரில் நிறுவினால் மொத்த மடல் அனுப்ப மெயில்கன் கணக்கு தேவை, அந்தக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாதி நாம், பாதி அமேசான்

தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியோ தோழியோ லினக்ஸ் தெரிந்தவராக இருந்தால் நான் கைகாட்டுவது லிஸ்ட்மங்க் என்ற மின்மடல் மென்பொருளை. பெங்களூரு ஜெரோதா நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் உருவாக்கியது. ஓலம் என்ற மலையாள இணைய அகராதிக்குப் பின்னால் இருப்பவரும் அவரே. ஒரே ஒரு நிரல் கோப்பு, ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அவ்வளவுதான். பட்டியல், வார்ப்புரு, விலகல் எல்லாம் உங்கள் சர்வரில் இருக்கும். மடலை வெளியே கொண்டுபோகும் வேலையை மட்டும் அமேசான் எஸ்இஎஸ் செய்யும்.

எஸ்இஎஸ் கட்டணம் 1000 மடலுக்கு 10 சென்ட். நம் தளம் வாரம் 3000 வீதம் நான்கு வாரத்தில் 12,000 மடல் அனுப்பினால் 1.20 டாலர், ஏறக்குறைய நூறு ரூபாய். சின்ன சர்வர் வாடகையாக மாதம் ஐந்து டாலர் அளவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் பத்து மடங்கானாலும் எகிறாத செலவு இது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. புதிய எஸ்இஎஸ் கணக்கு ஒரு சோதனைக் கூண்டுக்குள்தான் திறக்கும். நாளைக்கு 200 மடல், அதுவும் நீங்கள் உறுதிசெய்த முகவரிகளுக்கு மட்டும். வெளியே வர விண்ணப்பிக்க வேண்டும். முகவரிகளை எப்படிச் சேர்த்தீர்கள், திரும்பி வரும் மடல்களையும் புகார்களையும் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். 'செய்திமடல் அனுப்பப் போகிறேன்' என்று ஒற்றை வரி எழுதினால் மறுத்துவிட வாய்ப்பு அதிகம். பதிவுப் படிவம் இருக்கும் பக்கத்தின் முகவரி, உறுதிப்படுத்தும் மடல், விலகும் இணைப்பு ஆகியவற்றை விளக்கி ஒரு பத்தி எழுதுங்கள். திரும்பி வரும் மடல் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 10ஐத் தாண்டினால் நீங்கள் அனுப்புவதையே அமேசான் நிறுத்தி வைக்கலாம். எனவே திரும்பிய முகவரிகளை லிஸ்ட்மங்க் தானாக முடக்கும்படி முதல் நாளே இணைத்துவிடுங்கள்.

தமிழ் எழுத்தின் எடை

ஆங்கில வழிகாட்டிகளில் வராத விஷயம் ஒன்று. 102 கிலோபைட்டுக்கு மேல் உள்ள மடலை ஜிமெயில் பாதியில் வெட்டிவிடும். ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழில் 'க' மூன்று பைட், 'கி' ஆறு. ஆயிரம் சொல் கட்டுரை 25 கிலோபைட்டை ஒட்டி வரும், அது பரவாயில்லை. ஆனால் சில மடல் எடிட்டர்கள் தமிழ் எழுத்துகளை எண் குறியீடாக மாற்றிச் சேமிக்கின்றன. அப்போது 'க' ஒன்றே ஏழு பைட், 'கி' பதினான்கு. கட்டுரை இரண்டு மடங்குக்கு மேல் வீங்கும். அதனுடன் அலங்கார வார்ப்புருவும் சேர்ந்தால் எல்லை நெருங்கிவிடும். வெட்டுப்படுவது எப்போதும் கடைசிப் பகுதி, அங்கேதான் விலகும் இணைப்பு இருக்கும். இணைப்பைக் காணாத வாசகர் கோபத்தில் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். சேவையைத் தேர்ந்தெடுக்கும் முன் நீளமான தமிழ்ப் பத்தி ஒன்றை ஒட்டி, உங்களுக்கே அனுப்பி, மூலத்தைத் திறந்து பாருங்கள். ஆங்கில எழுத்தும் எண்ணுமாக அணிவகுத்தால் அதற்குள் எண் குறியீடு புகுந்திருக்கிறதா என்று அறிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

அனுப்பும் முன்

பதிவு செய்தவருக்கு உறுதிப்படுத்தும் மடல் போய், அவர் இணைப்பை அழுத்திய பிறகே பட்டியலில் சேர்க்கும் முறையை வையுங்கள். எண்ணிக்கை கொஞ்சம் குறையும். போலிப் பதிவுகளும் எழுத்துப்பிழை முகவரிகளும் வாசலிலேயே நின்றுவிடும். புத்தகக் கண்காட்சியில் வாங்கி வைத்த பழைய முகவரிகளைக் கொட்டும் ஆசை வரும், வேண்டாம்.

பிறகு ஜிமெயிலில் உங்களுக்கு வந்த சோதனை மடலைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' போங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் நேரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அனுப்பாதீர்கள். டிமார்க்கை முதலில் 'நன்' (எதுவும் செய்ய வேண்டாம்) நிலையில் வைத்து, பெறுபவர்களிடமிருந்து வரும் அறிக்கைகளைச் சில வாரம் பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

முதல் மடலை 3000 பேருக்கும் ஒரே மூச்சில் அனுப்பாமல், தவறாமல் படிக்கும் சில நூறு பேரில் தொடங்கி வாரா வாரம் கூட்டுங்கள். மாதம் ஒருமுறை பட்டியலை இறக்கி வையுங்கள். அத்துடன் விலகியவர்கள் பட்டியலையும் தனியாக இறக்குங்கள். புது இடத்துக்கு மாறும்போது முதலில் ஏற்ற வேண்டியது அதைத்தான், இல்லையென்றால் மூன்று வருஷத்துக்கு முன் போதும் என்று விலகியவருக்கு மறுபடி மடல் போய்ச் சேரும்.