பிரசவத்திற்குப் பின் கர்ப்ப இடைவெளி: தேகக் குறிகளை அறிந்து நடக்கும் முறை

திண்டுக்கல் சமவெளிக் கிராமங்களில் மூதாட்டிகளிடையே நெடுநாளாக ஒரு கொள்கை வழங்கி வருகிறது. தாய் முலைப்பால் கொடுத்துவரும் வரையில் அவளுக்கு மறு கர்ப்பம் தங்காது என்பதே அது. இக்கொள்கையில் பாதி மெய், பாதி பொய். மெய்யான பாதியை நம்பிப் பொய்யான பாதியால் ஏமாந்த குடும்பங்கள் பல உள. கைக்குழந்தை நடக்கத் தொடங்குமுன்னரே தாய் மீண்டும் கர்ப்பவதியாகிறாள். முன் பிரசவத்தில் இழந்த இரத்தம் ஊறுவதற்குள் மறு பிரசவம் வந்துவிடுகிறது. இரத்தசோகையுற்ற தாய்க்குப் பிரசவ காலத்து உதிரப்போக்கு உயிருக்கே ஆபத்தாகும். அவள் வயிற்றுப் பிள்ளையும் எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறத்தல் கூடும். இக்காரணம் பற்றியே உலக சுகாதார ஸ்தாபனம், ஒரு பிரசவத்திற்கும் அடுத்த கருத்தரிப்பிற்கும் இடையே 24 மாதங்களேனும் கழிதல் வேண்டுமென்று கூறுகிறது.

இடைவெளிக்கு உரிய வழிகள் பல. மருந்தும் கருவியுமின்றித் தேகத்தின் குறிகளை அறிந்து நடத்தல் அவற்றுள் ஒன்று. செலவில்லாத முறை என்பதால் இதனைப் பலர் விரும்புவர். ஆயின் செலவில்லையென்பதால் சிரமமுமில்லை என்று கொள்ளலாகாது. சங்கத்துத் தவணையைப் பாஸ் புத்தகத்தில் குறித்து வருவதுபோல் நாள்தோறும் குறித்துவரும் பழக்கமும், கணவன் மனைவி இருவருடைய ஒருமித்த சம்மதமும் இதற்கு மூலதனமாகும். இவ்விரண்டில் ஒன்று குறையினும் இம்முறையைத் தொடங்காமலிருப்பதே நலம்.

பாலூட்டலின் காவல்

ஒவ்வொரு மாதமும் ஸ்திரீயின் சூலகத்திலிருந்து ஒரு சினை முட்டை முதிர்ந்து வெளிப்படுகிறது. அதன் ஆயுள் ஒரு நாளுக்கு மேற்படாது. புருஷனுடைய வித்தோ, தக்க நிலை வாய்ப்பின், ஸ்திரீயின் உடலுள் 5 நாள் வரையில் உயிரோடிருக்கும். ஆகவே முட்டை வெளிப்படும் நாளும், அதற்கு முந்திய 5 நாட்களும் கருத்தரிக்கத்தக்க நாட்களாகும். குழந்தை முலைக்காம்பைச் சுவைக்குந்தோறும் அவ்வுணர்ச்சி நரம்பு வழியே மூளையை எட்டுகிறது. சூலகத்தை எழுப்பும் கட்டளை அதனால் அடங்கி, முட்டை முதிராமல் நிற்கிறது. பாலூட்டலின் காவல் இதுதான். சுவைப்பு அடிக்கடி நிகழ்ந்தால்தான் காவல் நிற்கும். இரவுப் பாலுக்கு இதில் தனிச் சிறப்புண்டு.

1988-ஆம் வருஷம் இத்தாலி தேசத்துப் பெல்லாஜியோ நகரில் கூடிய நிபுணர்கள் இக்காவலுக்கு மூன்று நிபந்தனைகளை வரையறுத்தனர். பிரசவத்திற்குப் பின் மாதவிலக்கு திரும்பாதிருத்தல் வேண்டும். குழந்தைக்கு முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ தாய்ப்பாலே ஆகாரமாயிருத்தல் வேண்டும். குழந்தைக்கு 6 மாதம் நிறையாதிருத்தல் வேண்டும். மூன்றும் ஒருங்கே பொருந்தியிருக்கும் வரையில் 100 தாய்மாரில் கருத்தரிப்பவர் இருவருக்கு மேற்படார். முதல் 8 வாரத்தில் காணும் தீட்டு மாதவிலக்கெனக் கணக்கிடப்படுவதில்லை. மூன்றில் ஒன்று தவறிய அன்றே காவலும் போயிற்று. மறுநாளைக்கு வேறு வழி தேடிக் கொள்ளல் வேண்டும்.

நம் நாட்டுப் பழக்கங்கள் சில இந்த இரண்டாவது நிபந்தனையைச் சத்தமின்றி உடைத்துவிடுகின்றன. பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, கழுதைப்பால் புகட்டுவது, உரைமருந்து கொடுப்பது முதலியன சிசுவின் வயிற்றுக்கும் கேடு, தாயின் காவலுக்கும் கேடு. பகலில் 4 மணி நேரத்திற்கும் இரவில் 6 மணி நேரத்திற்கும் அதிகமாகப் பாலின்றி இடைவெளி விடலாகாது.

நிலக்கோட்டைப் பக்கத்தில் மல்லிகைப்பூ எடுக்கும் ஒரு தாயை உதாரணமாகக் கொள்க. தை மாதம் 10-ஆம் தேதி தாய்வீட்டில் அவளுக்குப் பிரசவம் ஆயிற்று. ஐந்தாம் மாதமாகிய வைகாசியில் கணவன் வீடு திரும்புகிறாள். திரும்பிய வாரமே பூங்காட்டு வேலைக்குப் போகிறாள். விடியுமுன் போனவள் வீடு சேர வெயில் ஏறிவிடுகிறது. அதுவரை அழும் பேரப்பிள்ளைக்கு மாமியார் பசும்பாலில் தண்ணீர் கலந்து சங்கடையில் புகட்டுகிறாள். மாதவிலக்கு இன்னும் வரவில்லை, குழந்தைக்கு 6 மாதமும் ஆகவில்லை, ஆதலால் பயமில்லை என்று தம்பதிகள் நினைக்கின்றனர். வேலைக்குப் போன முதல் நாளே காவல் தளர்ந்தது என்பதை அவர்கள் அறியார். தாய்வீட்டு வாசத்தால் கிடைத்த இயல்பான பிரிவு முடியுங்காலமும், பாலின் காவல் குலையுங்காலமும் இவ்வாறு ஒன்றாய் வந்து சேர்கின்றன. நம் குடும்பங்களில் எதிர்பாராத கர்ப்பம் பல இந்தச் சந்தியிலேதான் உண்டாகின்றன. வேலைக்குச் செல்லும் தாய் சுத்தமான பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி வைத்துச் சென்றால் குழந்தைக்கு நன்மை உண்டு. ஆனால் குழந்தை வாயால் சுவைப்பதற்குள்ள பலம் அதற்கில்லை. காவல் சற்றுக் குறையும்.

பால் கொடாத தாய்க்கோ இக்காவல் சிறிதுமில்லை. பிரசவமாகி 4 வாரத்திற்குள்ளேயே முட்டை வெளிப்படுதல் கூடும். ஆதலின் 3 வாரத்திலிருந்தே முன்யோசனை வேண்டும்.

தேகம் காட்டும் குறிகள்

மாதவிலக்கு திரும்பிய பிறகுதான் கவலை என்று இருப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். முட்டை வெளிப்பட்டு ஏறத்தாழ 14 நாட்களுக்குப் பின்னரே மாதவிலக்கு காணும். எனவே முதல் விலக்கைக் காணாமலே கருத்தரித்தல் கூடும். பிரசவமாகி 6 மாதம் கடந்தபின் இது மிகவும் சம்பவிக்கும். விலக்கைக் காணாமல் காத்திருந்த பெண், வந்திருப்பது அடுத்த பிள்ளை என்பதை மூன்றாம் மாதத்தில் உணருவாள்.

முட்டை முதிருங்கால் கருப்பை வாயிலிருந்து ஒருவிதக் கசிவு வெளிப்படும். முதலில் பிசுபிசுப்பாயிருந்து, பின் நீர்த்து, கோழிமுட்டை வெண்கருவைப்போல் வழுவழுத்து, இரு விரலிடையே இழுத்தால் நூல்போல் நீளும். பால் கொடுக்கும் தாய்க்குப் பல வாரங்கள் வறட்சியோ, மாறாத ஒரே தன்மையுள்ள கசிவோ இருப்பது வழக்கம். இதனை இரண்டு வாரம் தொடர்ந்து கவனித்துத் தன் இயல்பு இன்னதென்று அவள் அறிந்துகொள்ளல் வேண்டும். இயல்பில் எந்த மாறுதல் கண்டாலும், ஈரம் மிகுந்தாலும், உதிரம் கண்டாலும், அந்நாளிலிருந்து விலகியிருந்து, மாறுதல் நின்று முழுமையாக மூன்று நாள் கழிந்த பின்னரே சேர்க்கை கொள்ளலாம். வெள்ளைப்படுதல் நோயுள்ளவர்க்கு இக்குறிகள் மயங்கும். அவர் முதலில் வைத்தியம் செய்துகொள்ளல் வேண்டும்.

எழுத்தறியாத பெண்கள் இக்குறியை அறிவரோ என்ற ஐயம் நியாயமே. உலக சுகாதார ஸ்தாபனம் பெங்களூர், மணிலா, டப்ளின் உள்ளிட்ட ஐந்து இடங்களில் 869 பெண்களைக்கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 1981-இல் வெளியாயிற்று. முதல் மாதத்திலேயே 100-க்கு 90-க்கு மேற்பட்டோர் குறியைக் கண்டுகொண்டனர். எனினும் ஓராண்டில் ஏறத்தாழ 100-க்கு 20 பேர் கருத்தரித்தனர். பெரும்பாலும் குறி தெரிந்தும் விலகி நில்லாமையே இதற்குக் காரணம். இங்கே குற்றம் பெண்ணின் அறிவில் இல்லை. புருஷனுடைய பொறுமையில் இருந்ததென்று சொல்லினும் மிகையாகாது.

காலையில் எழுமுன் தேக உஷ்ணத்தை அளந்து அறியும் முறையும் உண்டு. இரவில் பலமுறை எழும் தாய்க்கு இது சரிப்படாது.

நாள் எண்ணும் முறை

பழைய சாஸ்திரங்கள் விலக்குத் தொடங்கிய நாள் முதல் 16 இரவுகளை ருது காலமென்று வகுத்தன. ஜப்பானில் ஓகினோ என்பவர் 1924-இலும், ஆஸ்திரிய தேசத்துக் கினாஸ் என்பவர் 1929-இலும் இக்காலத்தைச் சாஸ்திர ரீதியாக நிர்ணயித்தனர். சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌரின் காலத்தில், டாக்டர் ஆபிரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்க வைத்தியர் 1951-இல் வரவழைக்கப்பட்டார். மைசூர் ராஜ்யத்து ராமநகரத்திலும் டில்லியிலும் நாள் எண்ணும் முறை கற்பிக்கப்பட்டது. எண்ணிக்கைக்கு உதவியாகப் பல நிற மணிகள் கோத்த மாலைகள் வழங்கப்பட்டன. மாலையே தம்மைக் காக்கும் என்று சில பெண்கள் எண்ணினர் எனப் பின்னாளில் எழுதியவர் கூறுவர். கற்க முன்வந்தோர் பலர். தொடர்ந்து கைக்கொண்டோர் மிகச் சிலர்.

அம்முறையைத் திருத்தி 2000-ஆம் வருஷத்தையொட்டி ஒரு புது மணிமாலை வகுக்கப்பட்டது. விலக்கு 26 முதல் 32 நாட்களுக்கொருமுறை தவறாது வரும் பெண், 8-ஆம் நாள் முதல் 19-ஆம் நாள் வரை விலகியிருத்தல் வேண்டும். பிசகின்றி நடந்தால் ஓராண்டில் 100-க்கு 5 பேரும், சாதாரணமாக நடந்தால் 12 பேரும் கருத்தரிப்பர். பிள்ளை பெற்றவள் கவனிக்கவேண்டியது இது: பிரசவத்திற்குப் பின் விலக்கு 4 முறை வந்து, கடைசி இடைவெளி மேற்சொன்ன அளவுக்குள் அமையும் வரை இம்மாலை அவளுக்கு உதவாது. பிரசவத்திற்கு முன்னிருந்த கணக்கைக் கொண்டு எண்ணுதல் காலாவதியான சீட்டைக் காட்டிக் கடன் கேட்பதற்கு ஒப்பாகும்.

காந்திகிராமத்தின் அனுபவம்

1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டியருகே நிறுவிய காந்திகிராமம், திண்டுக்கல் மக்களுக்குப் புதிதன்று. மகாத்மா காந்தி செயற்கைக் கருவிகளை ஏற்றவரல்லர். 1935-இல் வார்தாவில் மார்கரெட் சாங்கர் அம்மையார் அவரைக் கண்டு வாதித்தபோதும், கருத்தரிக்காத நாட்களைக் கைக்கொள்வதை மட்டும் அவர் கருவிகளைப்போல் கடுமையாக மறுக்கவில்லை. அவர் பெயர் தாங்கிய ஸ்தாபனமோ, 1959 முதல் ஆத்தூர் வட்டாரத்தில் சுமார் 1 லட்சம் ஜனங்களிடையே சுகாதார முன்னோடித் திட்டத்தை நடத்தியபோது, ஒரே முறையைக் கட்டிக்கொண்டிராமல், கிராமத்து ஜனங்களையே துணைக்கொண்டு பலவித முறைகளையும் எடுத்துரைத்தது. அடுத்த பத்தாண்டில் பிறப்பு விகிதம் அங்கே வெகுவாகக் குறைந்தது. 1964-இல் இதற்கென்றே ஒரு பயிற்சி ஸ்தாபனமும் அங்கு ஏற்பட்டது.

இயற்கை முறையை விரும்புவோர்க்கும் இவ்வனுபவம் பயன்படும். உயிருக்கு ஆபத்தான கர்ப்பம் முன்பு நேர்ந்தவள், கடும் இரத்தசோகையுள்ளவள், கணவன் குடித்துவிட்டு வருபவனாயின் மறுத்துச் சொல்ல இயலாதவள் ஆகியோர் இம்முறையை மட்டும் நம்பியிருத்தல் தகாது. பிரசவமானவுடனே வைக்கும் காப்பர் டி, ஆணுறை, பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மாத்திரை முதலியன அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாதாரணக் கூட்டு மாத்திரை மட்டும் பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதம் ஆகாது.

மேற்சொன்ன பூ எடுக்கும் தாய், வைகாசியில் கணவன் வீட்டுக்குக் கிளம்புமுன் கிராம சுகாதாரச் செவிலியரைக் கண்டு, குழந்தையின் தடுப்பூசி அட்டையின் பின்புறத்திலேயே மூன்று கேள்விகளை எழுதிவாங்கிக்கொள்ளலாம்: விலக்கு வந்ததா, வேறு பால் கொடுத்தாயிற்றா, 6 மாதம் நிறைந்ததா. வாரந்தோறும் அதனைப் படித்துப் பார்க்கும் வேலை கணவனுடையதாயிருக்கட்டும்.