பெண் மகவின் பெயரும் அதன் வேரும்



பேரன், பேத்தி என்னும் சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பவற்றின் மருவிய வடிவங்கள். பாட்டனின் அல்லது பாட்டியின் பெயரைத் தாங்கியவர் என்பதே அவற்றின் பொருள். வாழ்ந்தவர் ஒருவரின் பெயரைக் குடும்பத்திலேயே நிலைநிறுத்துவது பழந்தமிழ் வழக்கு. முதலாம் இராசராசனின் தமக்கை பெயர் குந்தவை. அவன் தன் மகளுக்கும் அதே பெயரைச் சூட்ட, அம்மகள் வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்தபோது அப்பெயர் கீழைச் சாளுக்கியர் குடிக்கும் சென்றது. போளூருக்கு அருகிலுள்ள திருமலையில் தமக்கையின் பெயரால் வழங்கும் குந்தவை சினாலயம் என்னும் சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பெயர் அருமையானதாகத் தோன்றுவதற்கு அதன் ஒலியைக் காட்டிலும் அதைத் தாங்கிய பெண்களின் வாழ்வே காரணம்.

இன்று பாலாற்றங்கரையில் உள்ள பள்ளிகொண்டாவிலும் சுற்றூர்களிலும் வீட்டில் பெண் குழந்தை பிறந்தவுடன், படிக்கும் பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்து, தெருவில் வேறு எவருக்கும் இல்லாத பெயராகத் தேடச் சொல்வது வழக்கமாகிவிட்டது. பிறந்த நாள்மீனின் பாதத்துக்கு உரிய எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை; இருபத்தேழு நாள்மீன்களுக்கும் நான்கு பாதங்கள் வீதம் 108 தொடக்க ஒலிகள் வகுக்கப்பட்டுள்ளன. கேட்பதற்குப் புதிதாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் நிறைவேற்றும் அவசரத்தில், முதலெழுத்தோடு ‘ஷிகா’, ‘ஸ்ரீ’ போன்ற ஈறுகளை ஒட்டி, எம்மொழியிலும் வேரில்லாத ஒலித்தொடர்கள் பெயர்களாக ஆக்கப்படுகின்றன. ‘ஷிகா’வில் ஒலிக்கும் ‘இகா’ என்பது வடமொழியில் உண்மையான பெண்பால் ஈறுதான். மாளவ நாட்டுப் பெண் என்னும் பொருள்படும் மாளவிகா போன்ற பெயர்களில் ஈற்றுக்கு முன்னால் ஒரு பொருளுள்ள பகுதி நிற்கிறது. பகுதி என்பது சொல்லின் வேராக நிற்கும் முதல் உறுப்பு. அது இல்லாத இடத்தில் ஈறு மட்டும் அழகு சேர்த்துவிடாது என்பதோடு, தன் பெயருக்கு என்ன பொருள் என்று பள்ளியில் கேட்கப்படும் சிறுமி விடையின்றி நிற்கவும் நேரிடும்.

வேருள்ள பெயர்கள் அரியனவாகவும் இருக்க முடியும் என்பதற்குச் சங்கப் பெண்பாற் புலவர்களின் பெயர்களே போதிய சான்று. நச்செள்ளை, நப்பசலை, நக்கண்ணை ஆகியவற்றின் முன்னால் நிற்கும் ‘ந’ என்னும் எழுத்து, நன்மையையும் சிறப்பையும் உணர்த்தும் முன்னொட்டு, அதாவது பெயருக்கு முன் சேர்ந்து பொருளைச் சிறப்பிக்கும் உறுப்பு. நப்பின்னை, நக்கீரர் என்பனவற்றிலும் அதுவே உள்ளது. இம்முன்னொட்டு இன்று பெயர் வைப்போரின் நினைவிலிருந்து ஏறத்தாழ முற்றிலும் மறைந்துவிட்டது. புதுமை தேடுவோர் அதன் பக்கம் திரும்பாதது பெரிய இழப்பு. நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்னும் அடைமொழி காக்கையைப் பாடிய பாட்டால் கிடைத்தது. பிறர் இட்ட பெயரோடு தன் செயலால் ஈட்டிய பெயரையும் ஒரு பெண் சேர்த்துத் தாங்கியிருக்கிறாள்.

பள்ளிகொண்டா என்னும் ஊர்ப் பெயரே, உத்திர ரங்கநாதர் கோயிலில் பள்ளிகொண்ட, அதாவது அறிதுயிலில் படுத்திருக்கும் திருமாலால் அமைந்தது. அங்குள்ள தாயாரின் பெயரான ரங்கநாயகியை ஊரில் பழைய தலைமுறையினரிடையே கேட்கலாம். தமிழ்ச் சொற்கள் ரகரத்திலும் லகரத்திலும் தொடங்குவதில்லை என்பது தொல்காப்பிய மரபு ஆதலால் அப்பெயர் அரங்கநாயகி என்றும் எழுதப்படும். அரங்கம் என்பதற்கு ஆற்றிடைக்குறை, அதாவது ஆறு பிரிந்து இருபுறமும் சூழ்ந்த நிலத்திட்டு என்னும் பொருளும் உண்டு. குடியாத்தத்தில் வைகாசித் திங்களில் சிரசுத் திருவிழா காணும் கெங்கையம்மனால் இப்பகுதியில் கெங்கம்மாள் என்னும் பெயர் பரவியது. இதைக் கங்கா என்று ‘திருத்தி’ எழுத வேண்டிய தேவை சிறிதும் இல்லை. கெங்கை என்னும் உச்சரிப்பே இவ்வட்டாரத்தின் முத்திரை.

இந்தத் தோல் தொழில் வட்டாரத்தின் தனிச்சிறப்பு, பல மொழிகளின் பெயர்கள் ஒரே வகுப்பறையில் அருகருகே அமர்ந்திருப்பதாகும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தமிழோடு உருதுவும் தெலுங்கும் வீட்டு மொழிகளாக வழங்குவதால், வருகைப் பதிவேட்டில் கார்த்திகாவுக்கு அடுத்துப் பர்வீனும் சுரையாவும் வருவது இயல்பு. பர்வீன் என்பது பாரசீகத்தில், வானில் நெருங்கிய சிறு கூட்டமாகத் தெரியும் கார்த்திகை மீன்களின் பெயர். சுரையா என்பது அதே மீன்கூட்டத்துக்கு அரபியில் வழங்கும் பெயர். கார்த்திகா, கிருத்திகா என்பனவும் முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்டிர் அறுவரின் வழியே அதையே குறிக்கின்றன. பழந்தமிழில் அதற்கு ஆரல், அறுமீன் என்னும் பெயர்கள் உண்டு; ஜப்பானியர் அதைச் சுபாரு என்கின்றனர். ஆக, இரு சமயங்களைச் சேர்ந்த மூன்று சிறுமியர் ஒரே மீன்கூட்டத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு, அதை அறியாமலே ஒரே பலகையில் அமர்ந்து படிக்கக்கூடும்; இதை அவர்களுக்குச் சொல்லித் தருவது எந்தப் பாடத்துக்கும் குறைந்த கல்வி அன்று. பொன்னின் நிலையும் இதுவே. தமிழில் பொன்னியும் தங்கமும், வடமொழி வழியில் கனகாவும் ஹேமாவும், தெலுங்கில் பங்காரம்மாளும், பாரசீகத்தில் ஜரீனாவும் பொன்னிலிருந்து பிறந்தவை; ஜரீனாவில் உள்ள பாரசீக வேரே பட்டுப்புடவையின் ஜரிகையிலும் இருக்கிறது. அரிய பெயர் தேடுபவர் மொழியின் எல்லையைக் கடந்து இப்படிப் பொருளைப் பின்தொடர்ந்தால், எண்சோதிடப் பெயர்ப் பட்டியல் ஒருபோதும் தராத பெயர்கள் கிடைக்கும்.

பெயரின் தோற்றத்தை ஆராய்வதில் கசப்பான பகுதியும் உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. ஆண் பிள்ளை வேண்டி நின்ற குடும்பங்கள், அடுத்தடுத்துப் பிறந்த பெண்களுக்கு வேண்டாம் என்றும் போதும்பொண்ணு என்றும் பெயரிட்டன. அப்படி இட்டால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று நம்பப்பட்டது. திருத்தணியை அடுத்த நாராயணபுரத்தில் வேண்டாம் என்னும் பெயருடைய பெண்கள் இருப்பது செய்தித்தாள்களில் வெளிவந்துள்ளது. மராட்டியத்தில் வேண்டாதவள் என்று பொருள்படும் நகுஷி என்னும் பெயரைத் தாங்கிய 200-க்கும் மேற்பட்ட சிறுமியருக்கு, 2011-இல் சாத்தாரா மாவட்ட நிர்வாகம் விழா எடுத்துப் புதிய பெயர் வழங்கியது. இப்பெயர்களும் அரியவையே, எங்கிருந்து வந்தன என்பதும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்ததே. பிறந்த அன்று வீட்டார் அக்குழந்தையைப் பற்றி என்ன நினைத்தனர் என்பதை வாழ்நாள் முழுவதும் பிறர் வாயால் கேட்கும்படி அப்பெண் செய்யப்படுகிறாள் என்பதால், அருமையையும் வேரையும் பார்ப்பதற்கு முன்னரே, அப்பெயர் அவளை வரவேற்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

தேர்ந்த பெயரைப் பதிவு செய்வதில் கவனம் மிக வேண்டும். பிறப்பை 21 நாள்களுக்குள் பதிய வேண்டும் என்றாலும், பெயர் இல்லாமலே பதியச் சட்டம் இடமளிக்கிறது. பின்னர் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். ஆகவே மருத்துவமனைப் படிவத்தில் அவசரமாக ஏதோ ஒரு பெயரை எழுதித் தர வேண்டிய கட்டாயம் எந்தத் தாய்க்கும் இல்லை. பதிவு நிகழ்வது பிறந்த இடத்தில் ஆதலால், வேலூர் மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்குப் பள்ளிகொண்டா பேரூராட்சியில் அல்லாமல் வேலூரில்தான் பெயர் சேர்க்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், கடவுச்சீட்டு முதலியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணமாகிவிட்டதால், ஆங்கில எழுத்துக்கூட்டலில், குறிப்பாக ழகரம் வரும் பெயர்களில், ஓர் எழுத்து பிசகினாலும் அது பல ஆவணங்களில் தொடரும். பிற்காலத்தில் பெயரையே மாற்றுவதானால் அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். எனவே பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தாளில் எழுதி, வீட்டிலுள்ள முதிய பெண்களிடம் அவர்தம் தாய், பாட்டி, அத்தை ஆகியோரின் பெயர்களையும் கேட்டறிந்து அதன் அருகில் குறித்துவைத்த பின்னரே படிவத்தை நிரப்புவது நல்லது.