தானே அணையும் அடுப்பு

சோறு உண்ணும் நாடுகளில் உலை வைப்பது ஓர் எளிய செயலாகவே கருதப்படுகிறது. அரிசி, நீர், நெருப்பு ஆகிய மூன்றும் இருந்தால் சோறு ஆகிவிடும் என்று உண்பவர் எண்ணுவர். ஆக்குபவர் அவ்வாறு எண்ணுவதில்லை. தீ மிகுந்தால் அடிப்பிடிக்கும். குறைந்தால் அரிசி விறைத்து நிற்கும். நீர் கூடினால் சோறு குழையும். சற்றே கண்ணயர்ந்தால் உலை பொங்கி வழிந்து அடுப்பையே அவித்துவிடும். ஆதலால் சோறு ஆகும்வரை ஒருவர் அடுப்பின் அருகிலேயே இருத்தல் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருந்தார். அவரை அடுப்பங்கரையிலிருந்து எழச் செய்த கருவி, ஜப்பான் நாட்டில் 1955ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. இன்று வீடுகளில் மின்சாரக் குக்கர் என்று வழங்குவது அதன் வழித்தோன்றலே ஆகும்.

ஜப்பானியர் சோற்றை வடிப்பதில்லை. அளந்து விட்ட நீர் முழுவதையும் அரிசியே உறிஞ்சிக்கொள்ளுமாறு ஆக்குவர். கஞ்சியை வடிக்கும் முறையில் நீர் சிறிது கூடினாலும் தீங்கில்லை, வடித்துவிடலாம். வடிக்காத முறையிலோ நீரின் அளவும் தீயின் அளவும் பிசகாமல் அமைதல் வேண்டும். பழைய ஜப்பானிய வீடுகளில் 'காமடோ' என்னும் மண் அடுப்பு இருந்தது. அதன் வாயில் அமருமாறு அகன்ற விளிம்புள்ள பானையை வைத்து, கனத்த மரமூடியால் மூடுவர். முதலில் சிறுதீ எரியும், பின்னர்ப் பெருந்தீ, அதன் பின்னர்த் தணல். இறுதியில் மூடியைத் திறவாமல் சோற்றைத் தன் ஆவியிலேயே புழுங்க விடுவர். குழந்தை அழுதாலும் மூடியைத் திறக்கலாகாது என்பது அந்நாட்டுத் தாய்மார் தம் பெண்களுக்குச் சொல்லிவந்த அறிவுரை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவரே அழும் குழந்தையையும் பார்க்க வேண்டியிருந்தது என்பதை இவ்வறிவுரையே காட்டிக்கொடுக்கிறது. காலை உணவுக்குச் சோறு வேண்டுமாயின், வீட்டில் அனைவரும் உறங்கும்போதே அவர் எழுந்து தீ மூட்டியாக வேண்டும்.

மின்சாரத்தால் சோறு ஆக்கும் முயற்சி 1955ஆம் ஆண்டிற்கு முன்பே தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில், பிற்காலத்தில் சோனி என்று உலகறிந்த நிறுவனத்தைத் தோற்றுவித்த மசாரு இபுக்கா என்னும் பொறியியலறிஞர் ஒரு கருவியைச் செய்து பார்த்தார். மரத்தொட்டி ஒன்றின் அடியில் அலுமினியத் தகடுகளைப் பொருத்தி, அவற்றின் வழியே மின்சாரத்தைச் செலுத்துவதே அவர் கண்ட வழி. ஈர அரிசியின் ஊடே மின்சாரம் பாய்ந்து அதனைச் சூடேற்றும்; நீர் வற்றினால் மின்னோட்டமும் தானே குறையும். எண்ணம் நுட்பமானதுதான். ஆனால் அரிசியின் வகையும் நீரின் அளவும் மாறுந்தோறும் பயனும் மாறியது. ஒருநாள் வேகாத அரிசி, மறுநாள் குழைந்த சோறு என்று வந்தமையால் அக்கருவி கைவிடப்பட்டது. வேறு சிலர் செய்த கருவிகள் சூட்டை மட்டும் தந்தன. எப்போது நிறுத்துவது என்பதை ஆளே பார்த்துக்கொள்ள வேண்டும். விறகு போய் மின்சாரம் வந்தது. காவல் மட்டும் போகவில்லை.

தோஷிபா நிறுவனத்தில் ஷோகோ யமாடா என்பவர் பணியாற்றிவந்தார். துணி துவைக்கும் இயந்திரத்தை மக்களிடையே பரப்பும் பொருட்டு அவர் ஊர்தோறும் சென்று இல்லத்தரசிகளுடன் பேசுவதுண்டு. வீட்டு வேலைகளில் எது மிகக் கடினம் என்று அவர் வினவியபோது, துணி துவைப்பது என்னும் விடையையே எதிர்பார்த்தார். பெண்களோ சோறு ஆக்குவதுதான் என்றனர். துணியை நாளை துவைக்கலாம். சோற்றை நாளைக்கு ஒத்திவைக்க இயலாது. பொருளை விற்கச் சென்றவர், இன்னும் செய்யப்படாத ஒரு பொருளின் தேவையை அறிந்து திரும்பினார்.

இப்பணியை அவர் யோஷிதாடா மினாமி என்பவரிடம் கொண்டுசென்றார். மினாமி, டோக்கியோ நகரில் நீரைச் சூடேற்றும் கருவிகளைச் செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்றை நடத்திவந்தார். தொழில் நலிந்திருந்த வேளை அது. சோறு ஆக்குவதைப் பற்றி அவர் அறிந்தது சிறிதே. அதை நாள்தோறும் மும்முறை செய்துவந்தவர் அவருடைய மனைவி ஃபூமிகோ அம்மையார். ஆகவே ஆராய்ச்சி தொழிற்சாலையில் தொடங்கவில்லை. வீட்டு அடுக்களையில் தொடங்கியது.

அம்மையார் செய்த ஆராய்ச்சி பார்வைக்கு மிக எளியது. அரிசியை அளந்து, நீரை அளந்து, அடுப்பில் ஏற்றி, வெப்பமானியை வைத்து, எத்தனை மணித்துளிகளில் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று குறித்துக்கொள்வார். பின்னர் மூடியைத் திறந்து சோற்றின் பதத்தைப் பார்ப்பார். மறுபடியும் அரிசியை மாற்றி, நீரை மாற்றி, அடுப்பை மாற்றி அதையே செய்வார். ஒருநாள் இருநாள் அன்று. நாள்தோறும் இவ்வாறே நடந்தது. பிள்ளைகள் பலரையுடைய குடும்பம் அது. அம்மையாரின் உடல்நலமும் நன்றாக இல்லை. செலவுக்குப் பொருள் போதாமையால் வீடும் தொழிற்சாலையும் அடகு வைக்கப்பட்டன. பெண்களின் அடுப்படி உழைப்பை நீக்கும் கருவிக்காக, ஒரு பெண் அதே அடுப்படியில் பன்மடங்கு உழைக்க நேர்ந்தது.

அக்குறிப்புகளிலிருந்து ஓர் உண்மை வெளிப்பட்டது. உலை நன்றாகக் கொதித்த பின்னர் ஏறத்தாழ 20 நிமிடம் அக்கொதிநிலையிலேயே இருந்தால் அரிசியின் மாவுப்பொருள் முழுவதும் நெகிழ்ந்து சோறாகிவிடும். அதற்குமேல் வைத்தால் கெடும். அவ்வாறாயின் ஒரு கடிகாரத்தைப் பொருத்திவிட்டால் போதாதா என்று தோன்றலாம். போதாது. அரிசியின் அளவு, நீரின் குளிர்ச்சி, மின்சாரத்தின் அழுத்தம் ஆகியவற்றிற்கு ஏற்பக் கொதி வரும் நேரம் மாறும். கொதி எப்போது வந்தது என்பதை அறியாத கடிகாரம் 20 நிமிடத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்கும்?

மினாமி கண்ட வழி வியப்பிற்குரியது. நீரையே அவர் கடிகாரமாக ஆக்கிக்கொண்டார். பானைக்குள் பானையாக இரண்டு கலங்களை அமைத்தார். உட்கலத்தில் அரிசியும் அதற்குரிய நீரும் இருக்கும். இரண்டு கலங்களுக்கும் இடையில் ஒரு குவளை நீர் விடப்படும். மின்சாரத்தைச் செலுத்தினால் வெளிக்கலத்தின் நீர் கொதித்து ஆவியாகும். அந்த ஆவி உட்கலத்தைச் சூழ்ந்து அரிசியை வேகவைக்கும். அந்த ஒரு குவளை நீர் கொதித்து வற்றுவதற்கு ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும்.

நீர் வற்றியதைக் கருவி எவ்வாறு அறியும்? நீர் கொதிக்கும்போது அதன் வெப்பநிலை 100 பாகை செல்சியசில் நின்றுவிடும் என்பது அறிவியல் வகுப்பில் கற்பது. எவ்வளவு சூடு கொடுத்தாலும் அச்சூடு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும், வெப்பநிலை ஏறாது. கடைசித் துளியும் ஆவியான அக்கணமே கலத்தின் வெப்பநிலை 100 பாகையைக் கடந்து விரைந்து ஏறும். இந்த ஏற்றமே சோறு ஆயிற்று என்னும் செய்தி. அச்செய்தியைப் பெறுவதற்கு ஈருலோகத் தகடு ஒன்று வைக்கப்பட்டது. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு அது. சூடு ஏறினால் ஓர் உலோகம் மிகுதியாக விரிய, மற்றொன்று குறைவாக விரியத் தகடு வளையும். வளைந்த தகடு விசையைத் தட்டி மின்சாரத்தை நிறுத்திவிடும். மணி பார்ப்பவரும் வேண்டுவதில்லை; மூடியைத் திறந்து பதம் பார்ப்பவரும் வேண்டுவதில்லை.

இத்துடன் வெற்றி கிட்டிவிடவில்லை. மிதமான காலத்தில் செம்மையாக இயங்கிய கருவி, கடுங்குளிரில் தவறியது. ஜப்பானின் வடபால் உள்ள ஹொக்கைடோ தீவில் பனிக்காலத்தில் குளிர் மிகக் கடுமையானது. அங்கே வேகாத சோற்றைத் தரும் கருவியை நாடு முழுவதற்கும் விற்பது எங்ஙனம்? அம்மையார் குளிரில் வெளியே வைத்துச் சோறாக்கிப் பார்த்தார். வெயிலில் வைத்தும் பார்த்தார். கலத்தின் சூட்டைச் சுற்றியுள்ள குளிர்காற்று கவர்ந்துகொள்வதே குறை என்பது விளங்கியது. வெளிக்கலத்தைச் சுற்றி மூன்றாவதாக ஒரு சுவரை எழுப்பி, இடையில் காற்றை அடைத்துவைத்தனர். அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளிப் போர்வைக்குள் சூடு தங்குவதும் இக்காரணம் பற்றியே.

1955ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தோஷிபா நிறுவனம் இக்கருவியை 3,200 யென் விலைக்கு வெளியிட்டது. முதலில் விற்பனைக்கு வந்தவை 700. விலை அக்காலத்திற்குச் சிறியதன்று. அதனினும் பெரிய தடை ஒன்று இருந்தது. சோறு வேகும்போது உறங்க நினைப்பவள் நல்ல இல்லத்தரசி ஆவாளோ என்று கேட்டவர்களும் இருந்தனர். அவ்வாறு கேட்டவர்கள் விடியற்காலையில் எழுந்து தீ மூட்டியவர்கள் அல்லர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. யமாடா கருவியை எடுத்துக்கொண்டு ஊர்களுக்குச் சென்று, மக்கள் கண்முன்னே சோறாக்கிக் காட்டினார். மின்சாரத்தை வழங்கும் நிறுவனங்கள் வழியாகவும் விற்பனை நடந்தது. நேரங்காட்டும் விசை ஒன்றையும் இணைத்துக்கொண்டால், இரவில் அரிசியைக் களைந்து வைத்துவிட்டு உறங்கச் செல்லலாம். காலையில் எழும்போது சோறு காத்திருக்கும். நான்கு ஆண்டுகளில் ஜப்பானிய இல்லங்களில் ஏறத்தாழப் பாதியளவில் இக்கருவி இடம்பெற்றது. ஃபூமிகோ அம்மையார் அதன் பெருவளர்ச்சியை நெடுங்காலம் காணவில்லை. கருவி வெளிவந்த சில ஆண்டுகளுக்குள், தமது 45ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இடையில் ஒரு குவளை நீர் விடும் இரட்டைக்கல முறை இன்று பரவலாக இல்லை. இக்காலத்து எளிய குக்கர்களில் சூடேற்றும் தட்டின் மீதே ஒற்றைக் கலம் அமர்கிறது. எனினும் அடிப்படை அதுவே. அரிசியைச் சூழ்ந்து நீர் இருக்கும்வரை கலத்தின் அடி 100 பாகையை ஒட்டியே நிற்கும். அரிசி நீரையெல்லாம் உறிஞ்சிக்கொண்டதும் அடிச்சூடு ஏறும். தட்டின் நடுவே வில்லின் மீது எழும்பி நிற்கும் சிறு குமிழுக்குள் ஒரு காந்தமும், குறித்த சூட்டில் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கும் ஒரு பொருளும் உள்ளன. சூடு 100 பாகையைச் சற்றே கடந்ததும் அப்பொருள் காந்தத்தின் பிடியை விட்டுவிடும். வில் உந்த, 'டக்' என்னும் ஒலியுடன் விசை மேலெழும். பின்னர்ச் சோற்றைச் சூடாக வைத்திருப்பதற்கு வேண்டிய சிறு மின்னோட்டம் மட்டும் செல்லும்.

கருவியின் அமைப்பை அறிந்தவர்க்கு அதைக் கையாளும் முறை தானே விளங்கும். கலத்தின் வெளிப்புறத்தை ஈரமின்றித் துடைத்தே உள்ளே வைத்தல் வேண்டும். தட்டின் மீது ஒரு பருக்கை கிடந்தாலும் கலம் சரிந்து அமரும்; குமிழ் அடியைச் செவ்வையாகத் தொடாது; விசை முந்தியோ பிந்தியோ விழும். விசை மேலெழுந்தவுடன் மூடியைத் திறப்பதும் தவறு. மேலே நிற்கும் ஆவி சோற்றினுள் இறங்குவதற்குப் பத்து நிமிடமேனும் விடுதல் நலம். உட்கலத்தைக் கழுவலாம், மின்கம்பிகள் உள்ள வெளிப்பகுதியை நீரில் அமிழ்த்தலாகாது. மூன்று முனைச் செருகியின் நில இணைப்பு செம்மையாக இருத்தல் இன்றியமையாதது. ஆக்கிய சோற்றை மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதே கலத்தில் நெடுநேரம் மூடிவைத்தால், இளஞ்சூட்டில் நுண்ணுயிர்கள் பெருகும். மிகுந்த சோற்றை விரைவில் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் சேர்த்தல் வேண்டும்.

தமிழர் வீடுகளில் இக்கருவி நுழைந்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. வடித்த சோற்றில் பழகிய நாவுக்கு, வடிக்காத சோறு சற்றே ஒட்டுவதாகத் தோன்றியது. கஞ்சித் தண்ணீர் கிடைக்கவில்லையே என்று குறைப்பட்ட பாட்டிமாரும் உண்டு. வெண்பொங்கலுக்கும் தயிர்ச்சோற்றுக்கும் அது பொருந்திவிட்டது. அன்றாடச் சோற்றுக்குத்தான் அளவு தேட வேண்டியிருந்தது. பச்சரிசிக்கு இரண்டு பங்கு நீர் போதும் என்றால், புழுங்கலரிசி அதற்கு மேலும் கேட்கும். புது அரிசி குறைவாகக் குடிக்கும். பழைய அரிசி மிகுதியாகக் குடிக்கும். இவற்றுள் எது கலத்தில் இருக்கிறது என்பதைக் குமிழும் காந்தமும் அறியா. புதிய மூட்டை அரிசி வாங்கிய வீட்டில் முதல் இரண்டு நாள் சோறு பார்த்து, மூன்றாம் நாள் நீரைக் கூட்டியோ குறைத்தோ வைக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.