வலை கட்டிய ஜன்னல்

(பத்தாம் வகுப்பு மாணவி, அடி அண்ணாமலை)

கொசுவை எதிர்த்து நம் வீடுகளில் நடைபெறும் போர் பெரும்பாலும் புகைப்போர்தான். மாலை மணி ஆறு அடித்ததும் சில வீடுகளில் வேப்பிலைப் புகை, சில வீடுகளில் சாம்பிராணி, மற்ற வீடுகளில் கொசுவர்த்திச் சுருள். கொசு சற்று விலகுகிறது, நாமும் இருமுகிறோம். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து தீரும்போது வெளிவரும் நுண்துகள்கள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. நம் தந்தையர் வீட்டுக்குள் ஒரு சிகரெட் பற்ற வைத்தாலே அன்னையர் சும்மா இருப்பதில்லை. சுருளை மட்டும் தொட்டிலுக்கு அருகிலேயே வைக்கிறோம்!

வந்த கொசுவை விரட்டுவதைக் காட்டிலும் வராமலே தடுப்பது எளிது அன்றோ? அதற்கு வழி ஜன்னலில் வலை அடிப்பது. இது பார்ப்பதற்குச் சிறிய காரியம். ஆனால் இதன் வரலாறு பெரியது.

மலேரியா என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்று பொருள். சதுப்பு நிலத்திலிருந்து இரவில் எழும் காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று பல நூற்றாண்டுகள் மக்கள் நம்பினர். ஆகவே இரவில் கதவு ஜன்னல்களை இறுக மூடிக்கொண்டு புழுங்கினர். 1897 ஆகஸ்டு 20 ஆம் நாள் நம் நாட்டின் செகந்திராபாத் நகரில், மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்டு ராஸ் கண்டார். அதன் பிறகும் பலர் நம்பவில்லை. அவர்களுக்கு விடை சொல்ல 1900 ஆம் ஆண்டில் பாட்ரிக் மேன்சன் என்னும் மருத்துவர் ஒரு சோதனையை ஏற்பாடு செய்தார். ரோமாபுரிக்கு அருகில் ஆஸ்டியா என்னும் இடம் மலேரியாவுக்குப் பேர்போனது. அங்கே மரத்தால் ஒரு குடில் அமைத்துக் கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் கம்பிவலை அடித்தனர். சாம்பன், லோ என்னும் இரு மருத்துவர்கள் காய்ச்சல் மிகுந்த மாதங்கள் முழுவதும் அதில் வசித்தனர். பகலில் வெளியே நடமாடினர். சூரியன் சாய்வதற்கு முன் உள்ளே வந்துவிடுவர். கொய்னா மருந்து உண்ணவில்லை. சுற்றிலும் இருந்தோர் காய்ச்சலில் விழுந்தனர், இவர்கள் விழவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'கெட்ட காற்று' இரவு முழுவதும் அந்த வலைக்குள் புகுந்து கொண்டுதான் இருந்தது. புகாதது கொசு ஒன்றே. எனவே குற்றவாளி யார் என்பதில் ஐயம் இல்லை. கணிதத்தில் தேற்றம் நிரூபிப்பது போல எனக்கு இது தோன்றியது.

அதே லோ என்பவர்தான் அதே 1900 ஆம் ஆண்டில் மற்றொன்றையும் கண்டுபிடித்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பப்பட்ட கொசுக்களை உருப்பெருக்கியில் ஆராய்ந்தபோது, யானைக்கால் நோயின் புழு கொசுவின் ஊசிமூக்கிலேயே காத்திருப்பதைக் கண்டார். அதற்கு முன், கொசு விழுந்து இறந்த தண்ணீரைக் குடிப்பதால் இந்நோய் வருகிறது என்று மேன்சனே எண்ணியிருந்தார்!

இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு எங்கள் ஆயாவின் நினைவு வந்தது. ஆயாவின் இடது கால் வீங்கியிருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான். தினமும் இரவு சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக் கொள்வார்கள். "ஏன் ஆயா வந்தது?" என்று சிறு வயதில் கேட்டபோது, "சேத்துத் தண்ணியில நடந்தோம், வந்துட்டுதும்மா" என்றார்கள். சேறு அன்று, அந்தச் சேற்றில் பிறந்த கொசு. சாக்கடையிலும் கழிவுநீர்க் குழியிலும் வளரும் கியூலெக்ஸ் கொசு இரவில்தான் கடிக்கும். இளம்புழுக்களும் இரவில்தான் மனித இரத்தத்தில் மேலே வந்து உலவும். சுகாதாரத் துறையினர் இரவு நேரத்தில் வந்து விரலில் குத்தி இரத்தம் எடுப்பதன் காரணம் இதுவே. ஒரே கடியில் இந்நோய் வந்துவிடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான கடிகள் பட்டால்தான் பெரும்பாலும் பற்றிக் கொள்ளும். ஆயா சிறுமியாகத் தூங்கிய ஓட்டு வீட்டின் ஜன்னலில் ஐந்து ரூபாய்க்கு ஒரு துண்டு வலை இருந்திருந்தால் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

எல்லாக் கொசுவுக்கும் வலை ஒரே அளவில் பயன்படாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் திருவண்ணாமலை 1989 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலாக அறியப்பட்டதும் அதே மாவட்டத்தில்தான். 1955 ஆம் ஆண்டு, வேலூரில். அதைப் பரப்பும் கொசு நெல் வயலில் பிறந்து, மாட்டுத் தொழுவத்தைச் சுற்றி வீட்டுக்கு வெளியே திரிவது. அந்திப் பொழுதில் வாசலில் உட்கார்ந்து பேசுகிறவரை ஜன்னல் வலை எப்படிக் காக்கும்? அதற்குத் தடுப்பூசிதான் துணை. டெங்குக் கொசுவோ பகலில் கடிப்பது. காலையிலும் சாயங்காலத்துக்கு முன்னும் மிகுதி. படுக்கைக் கொசுவலையை நாம் பகலில் சுருட்டி வைத்து விடுகிறோம். ஆகவே டெங்குவுக்கு ஜன்னல் வலையே மேல்.

ஆனால் கொசுவை வீட்டுக்குள்ளேயே வளர்த்துவிட்டு ஜன்னலில் வலை அடித்தால் என்ன ஆகும்? 1880களில் பிரெஞ்சுக்காரர்கள் பனாமாக் கால்வாய் தோண்டியபோது அன்கோன் குன்றின்மேல் அழகிய மருத்துவமனை ஒன்று கட்டினர். புனித வின்சென்ட் தே பவுல் சபைச் சகோதரியர் அங்கு அன்போடு பணி செய்தனர். எறும்பு ஏறாதிருக்கக் கட்டில் கால்களின் கீழ்த் தண்ணீர்க் கிண்ணங்கள் வைத்தனர். ஜன்னலுக்கு வலை இல்லை. கிண்ணத்தில் பிறந்த கொசு ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்கு மஞ்சள் காய்ச்சலைக் கொண்டு சென்றது. அக்காலத்தில் காரணம் யாருக்கும் தெரியாது. ஆகவே அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பிரெஞ்சு முயற்சியில் இறந்தவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகின்றனர். 1904 இல் அமெரிக்கர்கள் வந்தபின் டாக்டர் கார்கஸ் என்பவர் வீடுகளுக்கு வலை அடித்து, தண்ணீர்ப் பாத்திரங்களை மூடச் செய்தார். 1906 ஆம் ஆண்டுக்குள் மஞ்சள் காய்ச்சல் அங்கிருந்து மறைந்தது.

தோழியரே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் சமையலறை அலமாரியின் கால்களைப் பாருங்கள். எறும்புக்காக வைத்த கிண்ணங்கள் இருக்கும்! டெங்குக் கொசுவுக்கு அதுவே போதும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிக் கிண்ணத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது. பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையோரம் கிடக்கும் காகிதக் கோப்பைகளுக்கும் இது பொருந்தும். ஒரு மழை பெய்தால் ஒவ்வொன்றும் ஒரு குளம்.

இனி வலை அடிப்பது பற்றி. கண் அளவு முக்கியம். ஒரு சதுர அங்குலத்தில் 156 கண்களாவது இருந்தால் கொசு நுழையாது. கடையில் ஜன்னலுக்கென விற்கும் வலை பெரும்பாலும் இதைவிட நெருக்கமானது. மிக நெருக்கமாக வாங்கினால் காற்று வராது. சித்திரை வெயிலில் அப்படிப்பட்ட வலையை வீட்டார் இரண்டே நாளில் கழற்றி எறிவார்கள்.

நம் ஊர் ஜன்னல்களில் ஒரு சங்கடம் உண்டு. நடுவில் இரும்புக் கம்பி, கதவு வெளிப்பக்கம் திறப்பது. வலையை உட்புறம் ஆணி வைத்து அடித்துவிட்டால், மழை வரும்போது கையை நீட்டிக் கதவை எப்படிச் சாத்துவது? அவசரத்தில் ஒரு மூலையைக் கிழிப்பார்கள். அந்த மூலை வழியாக ஊர்க் கொசு அனைத்தும் வரும். ஆகவே ஆசாரியிடம் சொல்லி மரச்சட்டத்தில் வலை அடித்துக் கீல் வைப்பது நல்லது. செலவு குறைய வேண்டுமானால் ஒட்டி எடுக்கும் வெல்க்ரோ பட்டையால் நான்கு பக்கமும் பொருத்தலாம். கழற்றித் துவைக்கவும் அதுவே வசதி. தூசி அடைத்த வலை சுவருக்குச் சமம்.

எங்கள் அடி அண்ணாமலையில் வேறொரு விருந்தாளியும் உண்டு. மலையிலிருந்து இறங்கும் குரங்குகள் நைலான் வலையைக் கிழிப்பதை விளையாட்டாகவே செய்கின்றன. இப்பகுதியில் துருப்பிடிக்காத எஃகு வலையே நிற்கும். விலை அதிகம்தான். வீடு முழுவதும் முடியாவிட்டால் குழந்தைகள் படுக்கும் அறைக்கு முதலில் போடலாம்.

ஜன்னலோடு வேலை முடிவதில்லை. ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் கதவு, ஜன்னல்களுக்கு வலை அடித்து, சுவருக்கும் கூரைக்கும் இடையேயுள்ள சந்தையும் அடைத்துச் சோதித்தனர். 2009 ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. வலை இல்லாத வீட்டில் ஓர் இரவில் சராசரி 37 மலேரியாக் கொசுக்கள் பொறியில் சிக்கின. வலை அடித்த வீட்டில் 15. இரத்தசோகை உள்ள குழந்தைகள் நூற்றுக்கு 19 இலிருந்து 12 ஆகக் குறைந்தனர். நம் ஓட்டு வீடுகளிலும் அந்தச் சந்து உண்டு. கதவின் அடியிலுள்ள இடைவெளியும், ஒயர் நுழையும் ஓட்டையும் உண்டு.

கடைசியாக, ஜன்னலுக்கு வாங்கிய வலையில் ஒரு துண்டு மிஞ்சும். அதை எறியாமல் அப்பாவிடமோ அண்ணனிடமோ கொடுத்து, கழிவறைத் தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். ஆயாவின் காலைக் கெடுத்த கியூலெக்ஸ் கொசு அந்தக் குழாய் வழியாகத்தான் உள்ளே சென்று முட்டையிடுகிறது. அதன் பிள்ளைகள் அதே வழியாகத்தான் மாலையில் வெளியே வருகின்றன.