செல்போனுக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி அறிவியல் ஆசிரியர்களுக்கு இது. ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏ.ஆர்., செல்போன் திரை வழியே மேஜைமேல் இதயத்தைத் துடிக்க வைக்கிறது. பிள்ளைகள் வாய்பிளந்து பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால், 2009 பிசா சர்வதேச மாணவர் தேர்வுச் சுற்றில் தமிழ்நாடு கடைசி வரிசையில் நின்றதை மறக்க முடியவில்லை. சான்றைப் பார்த்துக் காரணம் சொல்லத் தெரிகிறதா என்பதே அங்கே அறிவியலில் கேள்வி. ஏ.ஆர். அதற்கு உதவ வேண்டும்.

செய்ய வேண்டியவை

• முதலில் சோதனை, பிறகு செல்போன். பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் மில்லுக்கு வரும் கச்சாப் பஞ்சையும் இன்னொன்றில் மருந்துக்கடைப் பஞ்சையும் போடுங்கள். எது மூழ்கும் என்று முன்கூட்டியே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கச்சாப் பஞ்சு மிதக்கும். மற்றது சட்டென்று நனைந்து இறங்கும். இரண்டுமே பருத்திதானே, ஏன் இப்படி? வகுப்பு வாதாடட்டும். அதன்பின் செல்லுலோஸ் மூலக்கூறை ஏ.ஆரில் சுற்றிப் பார்க்கட்டும். சங்கிலி நெடுக இருக்கும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடிகள் தண்ணீரை ஈர்ப்பவை. கச்சாப் பஞ்சில் மெழுகு படிந்திருப்பதால் தண்ணீர் உள்ளே போவதில்லை. துணியைக் காரத்தில் வேகவைப்பது அந்த மெழுகை நீக்கத்தான். வீட்டில் தறி ஓடும் பிள்ளைக்கு இதில் சொல்ல நிறைய இருக்கும், பேசவிடுங்கள்.

• அளவைக் கணக்குப் போடவையுங்கள். ஏ.ஆர். சூரியக் குடும்பத்தில் கோள்கள் நெருக்கியடித்து நிற்கும். சூரியன் ஒரு மீட்டர் அகலப் பந்து என்றால் பூமி 9 மில்லிமீட்டர் மணி. அது நிற்க வேண்டிய தூரம் 107 மீட்டர். மைதானத்தில் டேப் பிடித்து அளக்கட்டும்.

• வழவழப்பான வெற்றுத் தரையில் ஏ.ஆர். உருவம் நிலைக்காமல் நழுவும். தரையிலுள்ள புள்ளிகளையும் கோடுகளையும் பிடித்துத்தான் கேமரா இடத்தைக் கணிக்கிறது. கோடு போட்ட பாயை வெளிச்சத்தில் விரியுங்கள், போதும்.

செய்யக்கூடாதவை

• கண்ணெதிரே இருப்பதை ஏ.ஆரில் காட்டாதீர்கள். 1988-இல் சரணாலயமாகி 2021-இல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர் காடு நம்முடையது. செண்பகத்தோப்புப் பக்கம் சாம்பல் நிற அணில் கிளைக்குக் கிளை தாவுகிறது. வனத்துறை அனுமதியோடு அழைத்துப் போய், அது என்ன தின்கிறது, எந்த மரத்தில் கூடு கட்டுகிறது என்று எழுதவையுங்கள். இதய வால்வு, மூலக்கூறு, பூமியின் உட்பகுதி போன்றவற்றுக்கு ஏ.ஆர். இருக்கட்டும்.

• ஆக்சிஜன் சிவப்பு, ஹைட்ரஜன் வெள்ளை என்று நம்பவிட்டுவிடாதீர்கள். நிறங்கள் அடையாளத்துக்காக மட்டுமே.

• 2022-இல் தொடங்கிய அரசின் வானவில் மன்றத் திட்டத்தின் சோதனைப் பொருள்களை, ஏ.ஆர். வந்துவிட்டதென்று அலமாரியில் பூட்டாதீர்கள்.

• வீட்டுப் போனைக் கொண்டுவரச் சொல்லவே சொல்லாதீர்கள். பல வீடுகளில் ஒரே போன்தான். அதுவும் அப்பாவோடு மில் ஷிப்டுக்குப் போய்விடும். பள்ளியில் இருக்கும் ஒரு போனை நால்வர் நால்வராகக் கைமாற்றுங்கள். காத்திருப்பவர்கள் டம்ளரில் கண்டதைப் படமாக வரையட்டும்.