துணிப்பைக்கு எந்தச் சுங்க எண்?

கேள்வி: குழந்தையின் அணையாடை, பால்புட்டி எடுத்துச் செல்லும் துணிப்பையை அமெரிக்காவில் இறக்குமதி செய்தால், அது துணிப்பொருளாகத்தானே கருதப்படும்?

பதில்: அவ்வாறு கருதப்படாது. உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் ஒத்திசைவுப் பெயரிடல் முறையில் துணிகளுக்குரிய 11ஆம் பிரிவின் முதற்குறிப்பே, பயணப்பைகள், கைப்பைகள் ஆகியவற்றுக்கான 4202ஆம் தலைப்பில் அடங்கும் துணிப்பொருள்களை அப்பிரிவிலிருந்து விலக்கிவிடுவதால், 'பிற தைத்த பொருள்கள்' என்னும் 6307ஆம் தலைப்புக்கு இங்கு இடமில்லை. உடைமைகளைப் பயணத்தில் சுமக்கும் பை என்பதால் இது 4202.92 என்னும் உட்தலைப்பில் சேர்கிறது. வரியைத் தீர்மானிப்பதோ வெளிப்புறப் பரப்பு: நெய்த பருத்தியானால் 6.3 விழுக்காடு, பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழையானால் 17.6 விழுக்காடு என்பது அடிப்படை விகிதம். உற்பத்தி நாட்டைப் பொறுத்துக் கூடுதல் வரிகளும் சேரலாம். பிளாஸ்டிக் பூசிய துணியில் அப்பூச்சே வெளியில் தெரியுமானால், பை பிளாஸ்டிக் தாளாலானதாகக் கொள்ளப்பட்டு விகிதம் 20 விழுக்காடாகிறது. உள்ளே பூசப்பட்டிருந்தால் துணியாகவே நிற்கும். இறக்குமதியாளர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே. பையுடன் வரும், அணையாடை மாற்றுவதற்கான விரிப்பு, சில்லறை விற்பனைக்கான தொகுப்பாக அமைந்திருந்தால், ஒத்திசைவு முறையின் பொதுவிளக்க விதி 3(ஆ)-இன்படி, தொகுப்புக்கு முதன்மை இயல்பைத் தரும் பையோடு சேர்த்தே வகைப்படுத்தப்படும்.