புதுப்பித்த பின் எழாத கணினி

காரைக்காலில் ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. லினக்ஸ் புதுப்பித்தல் பாதியில் இருக்கும்போது போனால், மறுநாள் ஆய்வகக் கணினியில் கறுப்புத் திரையும் ‘கெர்னல் பேனிக்’ என்ற வரியும்தான் நிற்கும். உடனே ‘ஃபார்மட் செய்துவிடலாம்’ என்பார்கள். வேண்டாம். மாணவர்களின் செய்முறைக் கோப்புகள் பெரும்பாலும் அப்படியே பத்திரமாக இருக்கும்.

முதலில் திரையில் உள்ளதை வாசியுங்கள். ‘அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்’ என்றும் அடைப்புக்குறிக்குள் இரண்டு சுழியங்களும் இருந்தால், கெர்னலுக்கு வன்தட்டே தென்படவில்லை என்று பொருள். வன்தட்டைத் திறக்கும் டிரைவர்கள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்னும் சிறு கோப்பில் இருக்கின்றன. சாவிக்கொத்து வீட்டுக்குள், நாம் வாசலில் என்ற கதைதான். புதிய கெர்னல் வந்துவிட்டது, அதற்கான இந்தக் கோப்பு உருவாகவில்லை. மின்தடை ஒரு காரணம். வட்டில் இடமின்மை இன்னொன்று.

நல்லவேளையாக உபுண்டுவும், சி-டாக் உருவாக்கிய டெபியன் வழி வந்த பாஸ் லினக்ஸும் பழைய கெர்னலை உடனே அழிப்பதில்லை. கணினியை இயக்கியதும் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள் (யுஇஎஃப்ஐ கணினியில் எஸ்கேப்). கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ சென்று முந்தைய எண்ணுள்ள கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். ‘ரெக்கவரி மோட்’ என்றிருப்பது இப்போது தேவையில்லை.

உள்ளே வந்ததும் டெர்மினலில் ‘டிஎஃப் -எச்’. நூறு சதவீதம் நிறைந்திருந்தால் ‘சூடோ ஆப்ட் கிளீன்’ கொடுத்து, யாரோ இறக்கி வைத்த திரைப்படங்களையும் நீக்குங்கள். (அவை இல்லாத ஆய்வகம் உண்டா?) பிறகு ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’. பாதியில் நின்ற நிறுவல் இதில் நிறைவடையும். பெரும்பாலும் விடுபட்ட கோப்பும் உருவாகிவிடும். இல்லையென்றால் ‘சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே’ என்பதோடு புதிய கெர்னலின் முழுப் பெயரையும் சேர்த்துக் கொடுத்து, ‘சூடோ அப்டேட்-கிரப்’ இயக்குங்கள்.

பழைய கெர்னலும் எழவில்லையா? உபுண்டு உள்ள பென்டிரைவில் ‘டிரை’ முறையில் தொடங்கி, ‘ஹோம்’ கோப்புறையை முதலில் நகலெடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் உபுண்டு இருக்கிறது. பழுதான கணினி ஒன்று அமைந்தால் மறைக்காமல் மாணவர்களை அழைத்துப் பிழைச்செய்தியை வாசிக்கச் சொல்லுங்கள். கணினி எழும் வரிசையை நான் கரும்பலகையில் எழுதியபோது கேட்காத கேள்விகளை அந்தக் கறுப்புத் திரையின் முன் கேட்டார்கள்.